கரண்ட் போனதும் டேட்டாபேஸ் எழவில்லை: தப்பு எஸ்எஸ்டி மேலா, யுபிஎஸ் மேலா, என் மேலா?

ராசு_திண்டுக்கல்:

வணக்கம். மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாமே என் தலையில்தான். பில் போடும் கவுன்டர் 7, குடோனில் 2, எல்லாம் ஒரே மெஷினைத்தான் நம்பி இருக்கின்றன. சர்வர் என்று பெயர், திறந்து பார்த்தால் அசெம்பிள் செய்த ஐ5, 16 ஜிபி ராம், 500 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி, உபுன்டு, டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரெஸ் 14. எஸ்எஸ்டி எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு அந்தப் பக்கம் போய்விடும். எல்லோரும் வீட்டு கம்ப்யூட்டருக்கு வாங்குகிற சாதாரண மாடல்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்குக் கரண்ட் போனது. யுபிஎஸ் 'கீ' என்று ஒரு சத்தம் போட்டது, அதோடு சரி. பேட்டரி மாற்றி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. கரண்ட் வந்து மெஷினைப் போட்டால் உபுன்டு ஒழுங்காக வந்துவிட்டது, போஸ்ட்கிரெஸ் வரவில்லை. லாகில் 'பேனிக்' என்று போட்டு, சரியான செக்பாயின்ட் (இதுவரை எழுதியது டிஸ்கில் சேர்ந்துவிட்டது என்று போடும் அடையாளம்) பதிவைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரி.

கடை வாசலில் மெடிக்கல் ஷாப் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள், முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். நெட்டில் தேடியதில் முதலில் வந்த பதிலைப் பார்த்து பிஜி_ரீசெட்வால் கட்டளையை ஃபோர்ஸ் போட்டு ஓட்டினேன். எழுந்துவிட்டது! ஒரு மணி நேரம் நிம்மதியாக ஓடியது. அப்புறம் பார்த்தால் ஒரே பில் நம்பரில் இரண்டு பில். பிரைமரி கீ (ஒரே நம்பரை இரண்டு தடவை வரவிடாத பூட்டு) இருக்கிற டேபிளில் அது எப்படி வரும்? ஒரு மருந்தின் பேட்ச் நம்பரைத் தேடினால் இல்லை என்கிறது, மொத்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இருக்கிறது. கரண்ட் போவதற்கு முந்தைய பில்களில் சில காணோம், ஆனால் அதற்கான ஸ்டாக் மட்டும் கழிந்திருக்கிறது.

இப்போது என்ன செய்வது? யுபிஎஸ் பேட்டரியை மாற்றினால் போதுமா, இல்லை 'சர்வர் எஸ்எஸ்டி' என்று விலையைக் கூட்டிச் சொல்கிறார்களே, அது உண்மையிலேயே வேண்டுமா?

(போனில் தமிழ் கீபோர்டில் அடிக்கிறேன், கட்டளைகளும் தமிழில்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)


வால்பிடித்தவன்:

முதலில் அந்த டேட்டாபேஸில் பில் போடுவதை நிறுத்துங்கள். இப்போதே. மற்றதெல்லாம் அப்புறம்.

பிஜி_ரீசெட்வால் என்பது ரிப்பேர் செய்கிற கருவி இல்லை. வால் என்று நாம் சொல்கிறோமே, எழுதுவதற்கு முன் எழுதி வைக்கிற அந்தக் குறிப்பேடு, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 'எல்லாம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்' என்று போஸ்ட்கிரெஸிடம் சொல்கிற கருவி. வாலை அறுத்துவிட்டீர்கள், அதனால்தான் பாதி எழுதிய பக்கங்கள், பாதி முடிந்த டிரான்சாக்‌ஷன்கள் எல்லாம் முடிந்தது போல வெளியே வந்து நிற்கின்றன. போஸ்ட்கிரெஸ் ஆவணத்திலேயே இதைக் கடைசி வழி என்றுதான் போட்டிருக்கிறார்கள், ஓட்டினால் உடனே டம்ப் (முழு டேட்டாவின் நகல்) எடுத்து, புது கிளஸ்டரில் (புதிதாக உருவாக்கிய போஸ்ட்கிரெஸ் அடைவில்) ஏற்றிச் சரிபார்க்கச் சொல்லியும் இருக்கிறார்கள். நெட்டில் முதலில் வரும் பதிலில் இந்த இரண்டாவது பாதி இருக்காது.

இப்போது செய்ய வேண்டியது: போஸ்ட்கிரெஸை நிறுத்திவிட்டு டேட்டா அடைவு முழுவதையும் வேறு ஒரு டிஸ்கில் அப்படியே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ரீசெட் செய்வதற்கு முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும், போகட்டும். இனி செய்கிற எந்த வேலையையும் அந்தக் காப்பியின் காப்பியில் செய்யுங்கள்.

பிரைமரி கீ இருந்தும் டூப்ளிகேட் வருவதற்குக் காரணம், டேபிளில் வரி இருக்கிறது, இன்டெக்ஸில் (தேடுவதற்கான அட்டவணையில்) அதன் குறிப்பு இல்லை, ஆகவே புதிதாக அதே நம்பரைப் போடும்போது இன்டெக்ஸைப் பார்த்துவிட்டு 'அப்படி ஒன்றும் இல்லையே' என்று விட்டுவிட்டது. பேட்ச் நம்பர் கதையும் அதேதான். அதனால் டூப்ளிகேட்டைத் தேடும்போது இன்டெக்ஸை நம்பாதீர்கள், அந்த செஷனில் இன்டெக்ஸ் ஸ்கேன், இன்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன், பிட்மேப் ஸ்கேன் மூன்றையும் ஆஃப் செய்துவிட்டு டேபிளை முழுதாகப் படிக்க வைத்து எண்ணுங்கள். நீங்கள் 14 வைத்திருப்பதால் பிஜி_ஆம்செக் என்ற சோதனைக் கருவி உங்களிடம் இருக்கும், ஹீப்-ஆல்-இன்டெக்ஸ்டு ஆப்ஷனோடு ஓட்டினால் எந்த இன்டெக்ஸ் கெட்டது என்று சொல்லிவிடும். ரீஇன்டெக்ஸ் மட்டும் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், டூப்ளிகேட் இருக்கிற வரை யுனிக் இன்டெக்ஸ் எழாது, எழுந்தாலும் டேபிளில் உள்ள ஓட்டை ஓட்டையாகவே இருக்கும். டூப்ளிகேட்டை சிடிஐடி (வரி இருக்கும் இடத்தின் முகவரி) வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, எது உண்மையான பில் என்று கடையில் இருக்கிற அச்சடித்த பில்லோடு ஒத்துப் பார்த்து நீக்குங்கள். பிறகு பிஜி_டம்ப், புதிய கிளஸ்டர், ரீஸ்டோர். புதிய கிளஸ்டர் உருவாக்கும்போது செக்சம் (பக்கம் கெட்டால் காட்டிக்கொடுக்கும் சோதனை எண்) ஆப்ஷனை மறக்காமல் போடுங்கள். 18-ஆம் பதிப்பில்தான் அது தானாகவே வருகிறது, 14-இல் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பேக்கப் கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.


ராசு_திண்டுக்கல்:

நிறுத்திவிட்டேன் அண்ணே. கையால் பில் போடுகிறார்கள், கடையில் என்னைப் பார்க்கும் பார்வையே சரியில்லை. பேக்கப் தினமும் இரவு 11 மணிக்கு டம்ப் ஓடுகிறது, திங்கட்கிழமை இரவு எடுத்தது நன்றாக ஏறுகிறது. ஆகவே போனது செவ்வாய்க்கிழமை ஒரு நாள் மட்டும்தான். காப்பி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.


வோல்ட்_வேலு:

நான் யுபிஎஸ் வியாபாரத்தில் இருப்பவன், அதனால் கொஞ்சம் சாய்ந்துதான் பேசுவேன், தெரிந்தே படியுங்கள். உங்கள் பிரச்சினை எஸ்எஸ்டி இல்லை, பேட்டரி. சின்ன யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் சீல்டு லெட் ஆசிட் பேட்டரி, நம் ஊர் வெயிலில், அதுவும் பலகை அறைக்குள் அடைத்து வைத்தால், இரண்டு மூன்று வருஷம்தான் அதன் ஆயுள். பேட்டரி செத்த யுபிஎஸ் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். 1 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் ஒன்று போட்டுவிட்டு, அதன் யுஎஸ்பி வயரை சர்வரில் செருகி, நட் மென்பொருளைப் போட்டு, பேட்டரி குறைந்தால் தானாக ஷட்டவுன் ஆகும்படி செய்துவிடுங்கள். வேலை முடிந்தது. விலை கூடிய எஸ்எஸ்டி எல்லாம் தேவையில்லை.


கபாலி_கபாசிட்டர்:

வேலு சார் சொன்னதில் யுஎஸ்பி வயர் விஷயம் தங்கம். பாதிப் பேர் அந்த வயரை டப்பாவிலிருந்து வெளியே எடுப்பதே இல்லை. ஆனால் 'வேலை முடிந்தது' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

யுபிஎஸ்ஸுக்கும் டிரைவுக்கும் நடுவில் எஸ்எம்பிஎஸ் (மெஷினின் பவர் சப்ளை) இருக்கிறது, அது எரியும். கூட்டுகிற அம்மா பிளக்கைப் பிடுங்கி கிரைண்டர் மாதிரி எதையாவது செருகுவார். மெஷின் ஹேங் ஆனால் நீங்களே பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடிப்பீர்கள். இது எதையும் யுபிஎஸ் தடுக்காது. டிரைவுக்குள் வரும் மின்சாரம் நிற்கிற அந்த நொடியில் டிரைவ் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளம். போஸ்ட்கிரெஸ் கமிட் செய்யும்போது (ஒரு பதிவை உறுதி செய்யும்போது) வால் கோப்பை எழுதி எஃப்சிங்க் கூப்பிடுகிறது. லினக்ஸ் அதை டிரைவுக்கு ஃப்ளஷ் கட்டளையாக அனுப்புகிறது: 'உன் கையில் இருப்பதை எல்லாம் நிரந்தரமான இடத்தில் வைத்துவிட்டுச் சொல்'. டிரைவ் 'வைத்துவிட்டேன்' என்ற பிறகுதான் பில் பிரின்ட் ஆக வேண்டும். கடைப் பையனிடம் பணத்தைக் கொடுத்து கல்லாவில் போடச் சொல்வது மாதிரி. நேர்மையான பையன் கல்லா வரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்து சொல்வான், அதற்கு நேரம் ஆகும். கெட்டிக்காரப் பையன் ஒருவன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே 'போட்டாச்சு' என்பான். சாதாரண நாளில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது, ராத்திரி கணக்கு சரியாகத்தான் வரும்.

எஸ்எஸ்டிக்குள் சட்டைப்பை என்பது டிராம் கேஷ். எழுதச் சொன்னது முதலில் அங்கே போகும், ஃபிளாஷுக்குப் பின்னால்தான் போகும். அது மட்டும் இல்லை, நீங்கள் எழுதிய 4 கேபி ஃபிளாஷில் எந்த மூலையில் இருக்கிறது என்கிற முகவரிப் பட்டியலும் அந்த டிராமில்தான் உட்கார்ந்திருக்கிறது (1 டிபிக்கு சுமார் 1 ஜிபி என்பது வழக்கமான கணக்கு, டிராம் இல்லாத மலிவு டிரைவ்கள் உங்கள் கம்ப்யூட்டர் ராமிலேயே கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும்). இந்தப் பட்டியல் பாதியில் போனால் இன்றைய பில் மட்டும் இல்லை, போன மாதம் எழுதியதும் காணாமல் போகலாம், சில சமயம் டிரைவே பயாஸில் தெரியாது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரே செல்லில் இரண்டு மூன்று பிட் வைக்கிற ஃபிளாஷில் ஒரு பக்கத்தை எழுதும்போது அதே செல்களில் முன்பே எழுதி முடித்த ஜோடிப் பக்கமும் ஆட்டம் காண்கிறது, அந்த நேரத்தில் மின்சாரம் போனால் என்றோ பத்திரமாக வைத்த தகவல் கெடும். இதைத் தடுக்க ஃபர்ம்வேரில் ஏதேதோ உபாயம் செய்கிறார்கள், எல்லோரும் ஒரே அளவு செய்வதில்லை.

2013-இல் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தையும் ஹெச்பி லேப்ஸையும் சேர்ந்தவர்கள் ஐந்து கம்பெனிகளின் 15 எஸ்எஸ்டிகளை எடுத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைத் திரும்பத் திரும்பப் பிடுங்கிப் பார்த்தார்கள். 13 டிரைவ்கள் ஏதோ ஒரு விதத்தில் தவறின. பிட் மாறியது, பாதி எழுதியது, வரிசை மாறியது, முழு டிரைவும் செத்தது என்று எல்லா வகையும் இருந்தது. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைய டிரைவ்கள் அப்போதையதைவிடத் தேவலை என்று நினைக்கிறேன், ஆனால் டப்பாவைப் பார்த்து எது நல்லது என்று சொல்ல முடியாது என்பது அப்படியேதான் இருக்கிறது.

சர்வர் எஸ்எஸ்டியில் கூடுதலாக இருப்பது ஒரு வரிசை கபாசிட்டர். கரண்ட் போனால் அதில் தேங்கியிருக்கும் சார்ஜில் சில பத்து மில்லி விநாடி மூச்சு இருக்கும், அதற்குள் டிராமில் இருப்பதையும் முகவரிப் பட்டியலையும் ஃபிளாஷில் கொட்டிவிடும். பிஎல்பி (பவர் லாஸ் புரொடெக்ஷன்) என்று போட்டிருப்பார்கள். ஜாக்கிரதை, சில வீட்டு டிரைவ்களின் விளம்பரத்திலும் 'பவர் லாஸ்' என்று ஏதாவது இருக்கும். அது ஏற்கெனவே ஃபிளாஷில் எழுதி முடித்ததைக் காப்பதற்கு மட்டும், வழியில் இருப்பதை அல்ல. தகவல் தாளில் எழுதிக்கொண்டிருக்கும் டேட்டாவுக்கும் பாதுகாப்பு உண்டு என்று வெளிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள்.


சும்மா_படிப்பவள்:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு எஸ்எஸ்டி வாங்கி ரெய்டு 1 (ஒரே தகவலை இரண்டிலும் எழுதுவது) போட்டால் போதாதா? ஒன்று போனாலும் இன்னொன்று இருக்குமே. எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறோம், டேட்டாபேஸ் மைசீக்வெல்.


கபாலி_கபாசிட்டர்:

இரண்டுக்கும் ஒரே நொடியில்தானே கரண்ட் போகும்? இரண்டு பையன்கள், இரண்டு பேருமே பணத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்கள். டிரைவ் பழுதாவதற்கு ரெய்டு சரி, இதற்கு இல்லை. பேட்டரி வைத்த ரெய்டு கார்டு இருந்தாலும் கார்டின் கேஷைத்தான் அது காக்கும், அதற்குப் பின்னால் இருக்கிற டிரைவ்களின் சொந்தக் கேஷ் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

மைசீக்வெல்லில் இன்னோடிபி_ஃப்ளஷ்_லாக்_அட்_டிஆர்எக்ஸ்_கமிட் 1, சிங்க்_பின்லாக் 1, டபுள்ரைட் ஆன். மூன்றும் டீஃபால்ட்டே அப்படித்தான், வேகத்துக்காக யாராவது 2 என்றோ 0 என்றோ மாற்றி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.


வால்பிடித்தவன்:

அதைப் படித்ததும்தான் உறைக்கிறது, ராசுவிடம் இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எஃப்சிங்க், ஃபுல்_பேஜ்_ரைட்ஸ், சின்க்ரனஸ்_கமிட், இந்த மூன்றும் கான்ஃபிக்கில் என்னவாக இருக்கிறது? ஷோ கட்டளை போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள், கோப்பைப் பார்த்துச் சொல்லாதீர்கள், வேறு எங்காவது மாற்றியிருக்கலாம்.


ராசு_திண்டுக்கல்:

எஃப்சிங்க் ஆஃப்.

ஃபுல்_பேஜ்_ரைட்ஸ் ஆஃப்.

சின்க்ரனஸ்_கமிட் ஆன் (இது மட்டும் ஏன் என்று தெரியவில்லை).

நான் மாற்றவில்லை. பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர்தான் சர்வரையும் செட் செய்தார், நாலு வருஷத்துக்கு முன்னால். போன் போட்டுக் கேட்டேன். 'ஸ்டாக் இம்போர்ட் ரொம்ப நேரம் எடுத்தது, அதனால் போட்டேன், யுபிஎஸ் இருக்கிறதே' என்கிறார்.


வால்பிடித்தவன்:

சரி. குற்றவாளி கிடைத்துவிட்டார்.

எஃப்சிங்க் ஆஃப் என்றால் போஸ்ட்கிரெஸ் டிரைவிடம் 'வைத்துவிட்டாயா' என்று கேட்பதே இல்லை. எழுதியதெல்லாம் லினக்ஸின் ராமில் கிடக்கும், கெர்னலுக்கு எப்போது தோன்றுகிறதோ, எந்த வரிசையில் தோன்றுகிறதோ அப்படி டிரைவுக்குப் போகும். உங்கள் பேனிக் வரி அதைத்தான் சொல்கிறது: செக்பாயின்ட் இந்த இடத்தில் இருக்கிறது என்று கன்ட்ரோல் கோப்பு எழுதியாகிவிட்டது, அந்த இடத்தில் இருக்க வேண்டிய வால் பதிவு டிஸ்குக்கு வந்து சேரவில்லை. ஃபுல்_பேஜ்_ரைட்ஸ் ஆஃப் அதற்கு மேல் போனஸ். போஸ்ட்கிரெஸ் பக்கம் 8 கேபி, கீழே எழுதுவது 4 கேபி துண்டுகளாக, பாதியில் நின்றால் மேல்பாதி இன்றையது, கீழ்ப்பாதி நேற்றையது. செக்பாயின்ட்டுக்குப் பிறகு ஒரு பக்கத்தை முதல் தடவை தொடும்போது அதன் முழுப் படத்தையும் வாலில் வைப்பது இந்தக் கிழிசலைத் தைப்பதற்குத்தான்.

சின்க்ரனஸ்_கமிட் ஆன் இருப்பது இங்கே வெறும் அலங்காரம். காத்திருந்து என்ன பயன், எஃப்சிங்க்கே நடக்கவில்லையே. கொடுமை என்னவென்றால் அவர் அந்த ஒன்றை ஆஃப் செய்து மற்ற இரண்டையும் விட்டிருந்தால் வேகமும் கிடைத்திருக்கும், டேட்டாபேஸும் கெட்டிருக்காது. சின்க்ரனஸ்_கமிட் ஆஃப் என்றால் கரண்ட் போகும்போது கடைசி அரை விநாடி அளவு கமிட்கள் போகும் (வால் ரைட்டர் இடைவெளி 200 மில்லி விநாடி, அதிகபட்சம் அதன் மூன்று மடங்கு), ஆனால் மீதி எல்லாம் முழுசாக எழும். பில்லுக்கு அதுவும் வேண்டாம், மாதாந்திர இம்போர்ட்டுக்கு மட்டும் அந்த செஷனில் போட்டுக்கொள்ளலாம். அதைவிட நல்லது, இம்போர்ட் முழுவதையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் போடச் சொல்லுங்கள். வரிக்கு ஒரு கமிட் போடுகிறாராக இருக்கும்.

இப்போதே எஃப்சிங்க், ஃபுல்_பேஜ்_ரைட்ஸ் இரண்டையும் ஆன் செய்துவிட்டு, ஃப்ளஷ் வேகத்தை அளக்கிற பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் ஓட்டி எண்ணைச் சொல்லுங்கள். டேட்டா இருக்கும் அதே டிஸ்கில் ஓட்ட வேண்டும்.


ராசு_திண்டுக்கல்:

எஃப்டேட்டாசிங்க் வரியில் விநாடிக்கு 290 சொச்சம், ஒவ்வொன்றுக்கும் 3400 மைக்ரோ விநாடி. இது நல்லதா கெட்டதா?

இம்போர்ட் விஷயம் அண்ணன் சொன்னது போலத்தான், 40,000 வரி, வரிக்கு ஒரு கமிட். ஆன் செய்த பிறகு இரண்டேகால் நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. முன்பு பத்துப் பதினைந்து விநாடி.


கபாலி_கபாசிட்டர்:

வேகத்துக்குக் கெட்டது, மனசுக்கு நல்லது! கபாசிட்டர் இல்லாத டிரைவ் ஒவ்வொரு ஃப்ளஷுக்கும் மூன்று நான்கு மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது என்றால், கல்லா வரை நடந்து போய்வருகிறது என்று அர்த்தம். உங்கள் டிரைவ் நேர்மையான பையனாகத்தான் தெரிகிறது, அவன் மெதுவாக இருக்கிறான் என்றுதான் அவனிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். கபாசிட்டர் இல்லாத மலிவு டிரைவ் 20, 30 மைக்ரோ விநாடியில் ஃப்ளஷ் முடித்ததாகச் சொன்னால்தான் நான் சந்தேகப்படுவேன். பிஎல்பி டிரைவும் அதே வேகத்தில் பதில் சொல்லும், ஆனால் அதற்கு உரிமை இருக்கிறது, அதன் சட்டைப்பையே கல்லாதான்.

அதனால் பிஎல்பி டிரைவ் வாங்கச் சொல்வதற்குப் பாதுகாப்பு பாதிக் காரணம்தான். மறு பாதி, வேகத்துக்காக யாரும் எஃப்சிங்க்கில் கை வைக்க வேண்டிய அவசியமே வராது. நாளை நீங்கள் வேலையை விட்டுப் போய் வேறொருவர் வந்தாலும்.

உங்கள் மதர்போர்டுக்கு சாட்டா (என்விஎம்ஈயைவிடப் பழைய, வேகம் குறைந்த இணைப்பு) டிரைவே போதும். சாம்சங் பிஎம்893, கிங்ஸ்டன் டிசி600எம், சாலிடைம் டி3 எஸ்4520, இவை எல்லாவற்றிலும் கபாசிட்டர் உண்டு. எம்.2தான் வேண்டும் என்றால் ஸ்லாட்டின் நீளத்தைப் பாருங்கள், கபாசிட்டருக்கு இடம் வேண்டும் என்பதால் பிஎல்பி டிரைவ்கள் நிறைய 110 மில்லிமீட்டர் நீளத்தில் வருகின்றன, சாதாரண போர்டில் 80 வரைதான் திருகு ஓட்டை இருக்கும். 80-இல் வருபவையும் இருக்கின்றன, தேட வேண்டும். செகண்ட்ஹேண்ட் என்றால் சென்னை ரிச்சி தெருவில் இன்டெல் எஸ்3500, எஸ்3700 எப்போதாவது கண்ணில் படும், நானே இரண்டு வாங்கியிருக்கிறேன். வாங்கியதும் ஸ்மார்ட் பட்டியலில் (டிரைவ் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் பட்டியல்) 175 என்ற எண் உள்ள வரியைப் பாருங்கள், கபாசிட்டரை டிரைவ் தானே சோதித்துப் போடுகிற மார்க் அது. கபாசிட்டரும் கிழடாகும். என்விஎம்ஈ என்றால் கிரிட்டிகல் வார்னிங்கில் அதற்கென்று ஒரு பிட் இருக்கிறது.

வாங்குவதற்கு முன் ஒன்று. இப்போதைய டிரைவில் 'அன்சேஃப் ஷட்டவுன்' (ஒழுங்காக நிறுத்தாமல் கரண்ட் போனது) எத்தனை என்று ஸ்மார்ட்சிடிஎல்லில் பாருங்கள். முதலாளியிடம் காட்ட உதவும்.


ராசு_திண்டுக்கல்:

அன்சேஃப் ஷட்டவுன் 61.

நாலு வருஷத்தில் 61 தடவை. இத்தனை நாள் தப்பித்ததுதான் ஆச்சரியம்.


மானிட்டர்_மணி:

எனக்கும் ஒரு சந்தேகம், இங்கேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் டேட்டாபேஸ் விஎம்மில் (மெஷினுக்குள் ஓடும் மெய்நிகர் மெஷினில்) ஓடுகிறது, ஒன்று பிராக்ஸ்மாக்ஸ், ஒன்று வர்ச்சுவல்பாக்ஸ். இன்னொரு பிராஞ்சில் விண்டோஸில் எஸ்கியூஎல் சர்வர். எல்லாவற்றுக்கும் இதே பாட்டுதானா? சாட்டாவில் ஹெச்டிபார்ம் வைத்து ரைட் கேஷையே ஆஃப் செய்துவிட்டால் கபாசிட்டர் இல்லாமலே சமாளிக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார்.


வால்பிடித்தவன்:

பிராக்ஸ்மாக்ஸில் டிஸ்கின் கேஷ் வகை 'அன்சேஃப்' என்று இருக்கக் கூடாது, அது உள்ளே இருந்து வரும் ஃப்ளஷை விழுங்கிவிடும், பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், இருந்தும் போடுகிறார்கள். 'நோ கேஷ்' சரி. வர்ச்சுவல்பாக்ஸ் வேகத்துக்காக ஃப்ளஷை வழக்கமாகவே கண்டுகொள்ளாது, மாற்றும் வழி அதன் கையேட்டில் இருக்கிறது, ஆனால் கடையின் உண்மையான கணக்கை அதில் ஓட்டாமல் இருப்பது மேல். விண்டோஸில் டிவைஸ் மேனேஜர், டிஸ்க், பாலிசீஸ், அங்கே இரண்டாவது டிக் ஒன்று இருக்கும், ரைட் கேஷ் பஃபர் ஃப்ளஷிங்கை ஆஃப் செய் என்று. அதுதான் விண்டோஸின் எஃப்சிங்க் ஆஃப். யூடியூபில் 'எஸ்எஸ்டி வேகமாக ஒரு டிரிக்' என்று சொல்லிக்கொடுப்பதில் இதுவும் ஒன்று, போய்ப் பாருங்கள்.

ரைட் கேஷை ஆஃப் செய்வது ஏதோ கொஞ்சம் உதவும், ஆனால் எழுதும் வேகம் படுத்துவிடும், ஃபிளாஷ் தேய்மானமும் கூடும், முகவரிப் பட்டியல் பிரச்சினைக்கு அது மருந்தே இல்லை. சில டிரைவ்கள் சரி என்று தலையாட்டிவிட்டு ஆஃப் செய்வதே இல்லை. ஹார்ட் டிஸ்க் காலத்து வைத்தியம்.

இன்னொன்று, லினக்ஸில் மவுன்ட் ஆப்ஷனில் பேரியர் பூஜ்யம் என்று யாராவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதுவும் இதே குடும்பம்.


ராசு_திண்டுக்கல்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், யாருக்காவது உதவும் என்று முழுசாக எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை பில்களைக் காப்பியிலிருந்து எடுத்து, அச்சடித்த பில்லோடு ஒத்துப் பார்க்க இரண்டு ராத்திரி ஆனது. 11 பில் சுத்தமாகக் காணோம், 4 டூப்ளிகேட், கையால் ஏற்றினோம். திங்கட்கிழமை டம்ப்பின் மேல் அதை ஏற்றி, செக்சமோடு புதிய கிளஸ்டர். கெட்டதை நோண்டிச் சரி செய்து ஓட்டுவதைவிட இதுதான் நிம்மதி என்று பட்டது.

யுபிஎஸ் பேட்டரி மாற்றியாகிவிட்டது, வேலு சார் சொன்ன யுஎஸ்பி வயர் டப்பாவுக்குள்ளேயேதான் இருந்தது. நட் போட்டு, கரண்டை நிறுத்திப் பார்த்தேன், பேட்டரி கீழே வந்ததும் தானாக ஷட்டவுன் ஆகிறது.

முதலாளி ஒரு நாள் பில் கையால் போட்ட கடுப்பில் புது எஸ்எஸ்டிக்கு மறுபேச்சுப் பேசாமல் பணம் கொடுத்தார். 480 ஜிபி, சாட்டா, பிஎல்பி உள்ளது. பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் விநாடிக்கு 8,500 பக்கம் காட்டுகிறது. வரிக்கு ஒரு கமிட் போடுகிற அதே இம்போர்ட், எஃப்சிங்க் ஆன், எல்லாம் ஆன், 20 விநாடிக்குள் முடிகிறது. என்விஎம்ஈயைவிட சாட்டா வேகமாக இருக்கிறது என்று சாஃப்ட்வேர்காரரிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

அப்புறம் பிளக் பிடுங்கும் சோதனை ஒன்றும் செய்தேன். பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் 2005-இல் எழுதிய டிஸ்க்செக்கர் என்ற சின்ன பெர்ல் ஸ்கிரிப்ட் இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில்கூட அதைச் சொல்லியிருக்கிறார்கள். வேறொரு மெஷின் கேட்டுக்கொண்டிருக்கும், சோதிக்கிற மெஷின் எழுதி, ஃப்ளஷ் செய்து, 'இந்த இடத்தில் எழுதிவிட்டேன்' என்று அதனிடம் சொல்லிக்கொண்டே போகும், நடுவில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்ப ஆன் செய்து, சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று ஒத்துப் பார்க்கும். ரீசெட் பட்டனை அழுத்தினால் போதாது, டிரைவுக்கு வரும் கரண்ட் நிற்காது, நிஜமாகப் பிடுங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு உட்கார்ந்து பிடுங்கினேன். புது டிரைவ் பத்து தடவை, ஒரு பிழையும் இல்லை. பழையதும் பத்து தடவை, அதிலும் ஒரு பிழை இல்லை! கபாலி அண்ணன் சொன்னது சரி, அது நேர்மையான பையன்தான்.


கபாலி_கபாசிட்டர்:

பத்தில் பத்து வாங்கியது என்பதால் பதினோராவதும் வாங்கும் என்று இல்லை, டிரைவ் நிறைந்திருக்கும்போது, உள்ளே குப்பை ஒதுக்கிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கதை வேறாக இருக்கலாம். பிழை வந்தால் கெட்டது என்று உறுதி, வராவிட்டால் இதுவரை மாட்டவில்லை என்று மட்டும்தான். ஆனாலும் நிஜமாகவே பிடுங்கிப் பார்த்தீர்களே, இங்கே நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன், செய்துவிட்டு வந்து சொன்ன முதல் ஆள் நீங்கள். பழைய டிரைவை என்ன செய்தீர்கள்?


ராசு_திண்டுக்கல்:

முதலாளி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். ரொம்ப வேகமாக இருக்கிறது என்று சந்தோஷம். சாஃப்ட்வேர்காரர் வேறு மூன்று கடைகளுக்கு இதே மாதிரி செட் செய்து கொடுத்திருக்கிறாராம், இந்தத் திரியை அவருக்கு அனுப்பியிருக்கிறேன், இன்னும் திறந்து பார்க்கவில்லை.